கீரிப்பிள்ளையும் ஓவியத் தூரிகையும்

எங்கள் தெருக்கோடியில் நெடுநாளாகக் கட்டடம் எழும்பாத மனை ஒன்று இருக்கிறது. அங்குள்ள கருங்கல் குவியலுக்கு அடியில் ஒரு கீரி, குட்டிகளோடு வாழ்கிறது. சென்ற மாதம் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில், அதைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒருவர் கோரினார். குழந்தைகளைக் கடித்துவிடும் என்பது அவருடைய அச்சம். நான் எழுந்து கீரியின் சார்பில் பேசினேன். பேசி அமர்ந்த பிறகு, அதற்கான தகுதி எனக்கு உண்டா என்ற கூச்சம் எழுந்தது.

காரணம் இருக்கிறது. இளமையில் நீர்வண்ண ஓவியம் பயின்ற நாள்களில், கடைக்காரர் ‘முடி பிரஷ்’ என்று தனியே எடுத்துத் தருவார். அன்று கிடைத்த நைலான் தூரிகை வண்ணத்தை ஓரிடத்திலேயே கொட்டிவிடும். இதுவோ நீரைத் தேக்கிவைத்து, இழுத்த இழுப்புக்கு வளைந்து, நுனி கலையாமல் நிற்கும். எந்த விலங்கின் முடி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

2019 அக்டோபரில் மத்திய வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு, ‘கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூரிகைகளும் 100 கிலோவுக்கு அதிகமான கீரி முடியும் பிடிபட்டன. செய்தியோடு வந்த படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அடியில் கருமை, நடுவில் வெளிர்மஞ்சள், நுனியில் மீண்டும் கருமை. பல ஆண்டுகள் என் விரலிடுக்கில் இருந்த அதே முடி!

ஆட்டின் ரோமத்தைப் போல இதைக் கத்தரித்து எடுத்துவிட்டு விலங்கை விட்டுவிட முடியாது. வலையிலும் கண்ணியிலும் அகப்படும் கீரி அடித்தே கொல்லப்படுகிறது. ஓர் உடலிலிருந்து கிடைப்பது சுமார் 40 கிராம் முடி. தூரிகைக்குத் தேறுவது 20 முதல் 30 கிராம்தான். அந்த 100 கிலோவுக்கு எத்தனை உயிர்கள் என்று கணக்கிட்டேன். எப்படிப் போட்டாலும் 2,500-க்குக் குறையவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரியை வேட்டையாடுவதும் அதன் முடியை விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனால், பெரும்பாலும் அகப்படுபவர் கண்ணி வைத்த ஏழை; கடைக்கு வந்து ‘முடி பிரஷ்’ கேட்கும் என் போன்றவரை எவரும் கேள்வி கேட்பதில்லை.

நகரத்துக் கீரிக்கு வேட்டைக்காரர் மட்டுமே எதிரி அல்லர். புதர் அழிகிறது, சுற்றுச்சுவர் வழியை அடைக்கிறது, தெருநாய் துரத்துகிறது. இவற்றைவிட ஓசையின்றிக் கொல்வது எலி மருந்து. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைத் தின்னும் கீரிக்கும் அந்த நஞ்சு சேர்கிறது. எலியைப் பிடிக்க இலவசமாக வந்த ஆளையே நாம் மருந்து வைத்துக் கொல்கிறோம் என்று கூட்டத்தில் சொன்னேன், சிலர் சிரித்தனர்.

அணிலைப் போலவே கீரியையும் ‘பிள்ளை’ என்றழைக்கும் வழக்கம் நமக்குண்டு. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை, அதன் வாயில் இருந்த குருதியைக் கண்டு பதறிக் கொன்றுவிட்ட பெண்ணின் கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலேயே இடம்பெறுகிறது. அதற்காகக் கீரியைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அது முட்டையைத் திருடும், கோழிக்குஞ்சையும் தூக்கும். கையால் பிடிக்கப்போனால் கடிக்கவும் செய்யும். சும்மா விட்டால் மனிதரைக் கண்டதும் ஓடி ஒளிவதே அதன் இயல்பு.

கோழி வளர்க்கும் வீட்டுக்காரர் கூண்டுக்குக் கம்பிவலை அடிக்க ஒப்புக்கொண்டார். தெருவில் எலி மருந்து வைப்பதை நிறுத்தி, பொறி வைப்பது என்று முடிவாயிற்று. கற்குவியலைக் குட்டிகள் வளரும்வரை எவரும் தொடமாட்டார்கள். மனை விலைபோனால் இந்த ஏற்பாடு நிலைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

சென்ற வாரம் பேத்திக்குத் தூரிகை வாங்கப் போனேன். “நல்லது வேணும்னா உள்ளே இருக்கு, சார்” என்று கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து வைத்தார். நடுவில் அதே வெளிர்மஞ்சள் பட்டை. இது என்ன முடி என்று இம்முறை கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கட்டை உள்ளே வைத்துவிட்டு, செயற்கை இழைத் தூரிகைகள் இருந்த பெட்டியை முன்னால் நகர்த்தினார்.