மனை போட்டு விற்ற கடற்கரை

கலிஃபோர்னியாவில் கார்மெல் ஊருக்குத் தெற்கே இருக்கிறது பாயின்ட் லோபோஸ் இயற்கைக் காப்பகம். அந்தப் பாறைக் கரையைப் பார்த்தவர்கள் ‘மனிதக் கை படாத இடம்’ என்று வியப்பார்கள். உண்மையில், இங்கே படாத கையே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாறையை வெட்டி விற்றார்கள். திமிங்கிலம் பிடித்துக் கொழுப்பை உருக்கினார்கள். பக்கத்து மலையில் தோண்டிய நிலக்கரியைக் கப்பலில் ஏற்றினார்கள். போதாதென்று 1890-களில் மனை போட்டும் விற்றார்கள்! 1898-இல் நிலத்தை வாங்கிய பொறியாளர் அலெக்சாண்டர் ஆலன், விற்றுப்போன மனைகளையும் மெல்ல மெல்லத் திரும்ப வாங்கினார். 1933-இல் இது மாநில அரசின் காப்பகமானது. 1960-இல் ஒட்டியுள்ள கடலுக்கும் பாதுகாப்பு வந்தது.

பழைய கதைக்குச் சாட்சி, 1850-களில் சீன மீனவர்கள் கட்டிய மரக் குடிசை. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதன் தரையைத் தாங்குபவற்றில் திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டுகளும் உண்டு. குனிந்து பாருங்கள்.

நடக்க ஒரே ஒரு பாதைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், சைப்ரஸ் தோப்புப் பாதையைத் தேர்ந்தெடுப்பேன். ஒன்றரை கிலோமீட்டர்கூட வராத சுற்று. மான்டரே சைப்ரஸ் மரம் இயற்கையாக வளரும் இடங்கள் உலகிலேயே இரண்டுதான். ஒன்று இது, மற்றொன்று விரிகுடாவுக்கு அப்பால் பெபிள் பீச் பக்கம். உப்புக்காற்றில் முறுகி வளைந்த மரங்களின் கிளைகளில் செந்தூரம் அப்பியதுபோல ஒரு நிறம். நோயோ என்று பயப்பட வேண்டாம். அது ஒருவகைப் பாசி. கேரட்டில் இருக்கும் கரோட்டின்தான் அந்த நிறத்தைத் தருகிறது. மரத்துக்குக் கெடுதல் இல்லை.

கீழே கடலில், கெல்ப் பாசிக்கு நடுவே மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாயைத் தேடுங்கள். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு இந்தக் கரையில் அழிந்தே போனதாக நம்பப்பட்ட உயிரினம். 1938-இல் தெற்கே பிக்ஸ்பி ஓடை அருகே ஒரு கூட்டம் கண்ணில் பட்டது.

நாய்க்கு அனுமதி இல்லை, ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது என்ற கெடுபிடி சிலருக்கு எரிச்சல் தரலாம். எனக்கு அது சரியென்றே படுகிறது. இத்தனை தொழில் நடந்த கரையில் நீர்நாய் மிதப்பது இதுபோன்ற கெடுபிடிகளால்தான்.

வார நாளில், காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பாதை ஓரத்தில் மும்மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஓக் செடியைத் தொடாதீர்கள், அரிப்பு ஆளை விடாது. பாறை விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே எடுக்காதீர்கள். இங்கே பேரலை சொல்லிக்கொண்டு வருவதில்லை.