ஃபித்ரா: படிக் கணக்கா, தராசுக் கணக்கா?



ரமலான் பிறந்துவிட்டால் நம் அலுவலகத்துக்குத் தவறாமல் வரும் கேள்வி: "செகரட்டரி பாய், ஒரு நோட்டீஸில் ஃபித்ரா 1 கிலோ 633 கிராம் கோதுமை என்கிறார்கள். இன்னொன்றில் 2 கிலோ 45 கிராம். எதைக் கொடுப்பது?"

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் ஃபித்ராவை எடை போடவில்லை, அளந்தார்கள். அளவையின் பெயர் ஸாவு. நடுத்தர உடம்புள்ள ஒருவர் இரு கைகளாலும் அள்ளுவதைப் போல நான்கு மடங்கு. ஹனஃபி மத்ஹபில் தலைக்குக் கோதுமை என்றால் அரை ஸாவு; பேரீச்சை, வாற்கோதுமை என்றால் முழு ஸாவு. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த ஊர் உணவில் முழு ஸாவு, நமக்கு அரிசி.

பாத்திரத்தைக் கிலோவாக மாற்றும்போதுதான் சிக்கல். ஒரே பாத்திரம் எல்லாத் தானியத்துக்கும் ஒரே எடை காட்டாது. மௌலானா அஹ்மத் ரஸா கான் (ரஹ்) அவர்கள் (மறைவு 1921) இதைத் தாமே சோதித்தார்கள். 144 ரூபாய் எடை வாற்கோதுமை கொள்ளும் அரை ஸாவுப் பாத்திரத்தில் கோதுமையைத் தலை தட்டி நிரப்பி நிறுத்தபோது 175 ரூபாய் 8 அணா எடை வந்தது. அந்தக் கால வெள்ளி ரூபாய் சுமார் 11.66 கிராம், பெருக்கினால் 2 கிலோ 45 கிராம் அளவில் வரும். மற்ற உலமாக்கள் 140 தோலா, அதாவது பழைய சேரில் ஒன்றே முக்கால் என்று எடுத்ததில் 1 கிலோ 633 வருகிறது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. உங்கள் பள்ளி ஹழ்ரத் சொல்வதைப் பின்பற்றுங்கள். வசதியுள்ளவர் கூடுதலைக் கொடுப்பதே பேணுதல் என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இதே கதைதான். தஞ்சைக் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான் என்னும் மரக்காலால்' என்று அளவையின் பெயரைச் சொல்லியே நெல்லைக் குறித்தார்கள். ஊருக்கு ஊர் படி மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1956 சட்டத்துக்குப் பின் கடையில் கிலோ வந்துவிட்டது. நம் வீடுகளில் ஆழாக்கு இன்னும் போகவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் கையாலேயே ஒரு தவறு நடந்தது. 1 கிலோ 633 கோதுமை சரியாகக் கொள்ளும் டின் ஒன்றை வைத்திருந்தோம். கோதுமை போதாமல் கடைசி 36 பாக்கெட்டுக்கு அதே டினால் மாவை அளந்தோம். பெருநாள் இரவு சந்தேகத்தில் ஒன்றைத் தராசில் வைத்தால் 1 கிலோ 200 கிராம்! மொத்தம் 15 கிலோவுக்கு மேல் குறைவு, அதுவும் ஏழைகளின் ஹக்கில். ஸூரத்துல் முதஃப்பிஃபீனில் அளப்பதும் நிறுப்பதும் இரண்டுமே சொல்லப்பட்டிருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. கடையைத் திறக்கச் சொல்லி மாவு வாங்கி, பெருநாள் தொழுகைக்கு முன்பே வீடு வீடாகச் சேர்த்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு லிட்டர் அளவையில் அரிசி ஏறக்குறைய 800 முதல் 850 கிராம், கோதுமை 770 முதல் 800, தளர்வாகக் கொட்டிய மாவு 500 முதல் 600 வரைதான் பிடிக்கும். குலுக்கினால் கூடும், கோபுரமாக வைத்தால் இன்னும் கூடும். ஆகவே வீட்டுப் படியில் அளப்பவர்கள், எந்தத் தானியம் கொடுக்கிறீர்களோ அதையே ஒருமுறை தலை தட்டி நிரப்பி நிறுத்துப் பாருங்கள்; அந்த எடையைப் படியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி அனுப்புகிறவர்களும் படிக்கணக்கில் சொல்லாமல் கிலோவில் சொன்னால் அண்டா வைப்பவருக்குத் தண்ணீர்க் கணக்கு தவறாது.

27ஆம் நோன்பு முதல் அஸருக்குப் பின் தராசு அலுவலகத் திண்ணையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். படியோடு வாருங்கள்.