டிஸ்னிலாந்தும் விடுமுறைக் கணக்கும்

அமெரிக்காவின் அனாகிம் நகரில் 1955ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். உள்ளே ராட்டினம் முதலியவற்றுக்குத் தனிச்சீட்டு. 2016 முதல் கட்டணம் நாளைப் பொறுத்து மாறுபடுகிறது. 2024 அக்டோபரில் அறிவித்தபடி, கூட்டம் குறைந்த நாளில் 104 டாலர். நெரிசல் மிகுந்த நாளில் 206. பத்து வயது நிரம்பினால் அங்கே நாமும் பெரியவர்களே! நால்வருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 416 அல்லது 824. மலிவான நாட்களோ பெரும்பாலும் பள்ளி நடக்கும் நாட்கள். பிள்ளையின் பாடத்தை இழப்பதா, விடுமுறை வரை பொறுத்து இருமடங்கு கொடுப்பதா எனப் பெற்றோர் தடுமாறுகின்றனர். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணமில்லை. ஆதலால் கடைக்குட்டியின் மூன்றாம் பிறந்தநாளுக்கு முன்பே மூட்டை கட்டுவோரும் உண்டு.