பூனைகளின் காது, தோல் நோய்கள்: கண்டறிதலும் சிகிச்சையும்

பூனைகளின் காது, தோல் நோய்கள் என்பவை காதுக் குழாயிலும் தோலிலும் அரிப்பு, முடி உதிர்வு, பொருக்கு, புண், கசிவு ஆகியவற்றை உண்டாக்கும் பல்வேறு நோய்களைக் குறிக்கும். காதுக் குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பதும் தோலே ஆகும். எனவே தோலைத் தாக்கும் ஒட்டுண்ணி, பூஞ்சை, ஒவ்வாமை ஆகியவை காதையும் தாக்கக்கூடும். இக்காரணத்தால் கால்நடை மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்தே ஆராய்கின்றனர்.

இந்நோய்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றின் காரணங்கள் வேறுவேறு. ஒரு நோய்க்கான மருந்து மற்றொரு நோயை முற்றச் செய்யலாம். எடுத்துக்காட்டாக, படர்தாமரையை ஒவ்வாமை எனக் கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் பூஞ்சை மேலும் பரவும். ஆகவே காரணத்தைக் கண்டறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

முக்கிய நோய்கள்

காதுச் சிற்றுண்ணி: ஓட்டோடெக்டெஸ் சைனோடிஸ் என்னும் சிற்றுண்ணி காதுக் குழாயில் வாழ்கிறது. இதன் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முட்டையிலிருந்து முதிர்ந்த உயிரியாக வளர ஏறத்தாழ 3 வாரம் ஆகும். காதினுள் காப்பித்தூள் மண்டி போன்ற கரும்பழுப்பு அழுக்கு சேர்வது இதன் அடையாளம். பூனை தலையை உதறிக்கொண்டும் காதைச் சொறிந்துகொண்டும் இருக்கும். குட்டிகளில் இது மிகுதி. ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கும் பூனைகளுக்கிடையே எளிதில் பரவும், நாய்க்கும் தொற்றும்.

சொறி: நோட்டோட்ரெஸ் கேட்டி என்னும் சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே வாழ்கிறது. முதலில் காதுமடலின் ஓரத்தில் தடித்த பொருக்கு தோன்றி, பின் முகத்துக்கும் கழுத்துக்கும் பரவும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும்.

படர்தாமரை: இது புழுவால் வருவதன்று, பூஞ்சையால் வருவது. பூனைகளில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையே காரணம். காது, முகம், கால்களில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் தோன்றும். சில பூனைகள், குறிப்பாக நீண்ட முடி கொண்டவை, எந்த அறிகுறியும் இன்றியே நோயைப் பரப்பும்.

தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை: தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். முதுகின் பின்பகுதியிலும் கழுத்திலும் சிறு பொருக்குகள் தோன்றும். பூனை தன்னை ஓயாமல் நக்குவதால் பூச்சிகளையும் விழுங்கிவிடுகிறது. எனவே உடலில் பூச்சி தென்படவில்லை என்பதால் இந்நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

பிற காரணங்கள்: உணவு ஒவ்வாமை, பாக்டீரியா தொற்று, மலசீசியா என்னும் ஈஸ்ட், காதினுள் வளரும் சதைக்கட்டி ஆகியவையும் காரணமாகலாம். வெள்ளைக் காதுள்ள பூனைகளில், நெடுநாள் வெயில் பட்டதால் காது நுனியில் தோல் புற்றுநோய் வரக்கூடும். ஆறாத பொருக்காகத் தொடங்கும் இதனைச் சொறி எனத் தவறாகக் கருதுவதுண்டு.

கண்டறியும் முறை

முதலில் பூனையின் வயது, உணவு, வெளியே செல்லும் பழக்கம், வீட்டிலுள்ள பிற விலங்குகள், வீட்டில் எவருக்கேனும் அரிப்பு உள்ளதா என்பன கேட்டறியப்படுகின்றன. பின்னர் கீழ்க்காணும் சோதனைகள் செய்யப்படுகின்றன.

1. செவிநோக்கிச் சோதனை: பூனையின் காதுக் குழாய் முதலில் கீழ்நோக்கியும் பின் உள்நோக்கியும் வளைந்து செல்வதால், அதன் ஆழப்பகுதி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. செவிநோக்கியின் வழியே சிற்றுண்ணி, கட்டி, செவிப்பறையின் நிலை ஆகியவை காணப்படுகின்றன.

2. காது அழுக்குச் சோதனை: பஞ்சில் எடுத்த அழுக்கை எண்ணெயில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால் சிற்றுண்ணியும் அதன் முட்டையும் தெரியும். மற்றொரு மாதிரிக்குச் சாயமேற்றினால் பாக்டீரியாவும் ஈஸ்டும் தெரியும்.

3. தோல் சுரண்டல்: பொருக்கின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துச் சொறிச் சிற்றுண்ணி தேடப்படுகிறது.

4. முடிச் சோதனை: முடியின் நுனி முறிந்திருந்தால் பூனை நக்கியே முடியை இழந்துள்ளது என அறியலாம். அரிப்புள்ள பூனை மறைவிடத்தில் நக்குவதால், வளர்ப்போர் இதனை வெறும் முடி உதிர்வு என்றே எண்ணுவர்.

5. வுட் விளக்கு: இந்தப் புறஊதா விளக்கின் ஒளியில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் தொற்றிய முடிகள் இளம்பச்சை நிறத்தில் ஒளிரும். எல்லா நேர்விலும் ஒளிராது என்பதால், பூஞ்சை வளர்ப்புச் சோதனையும் தேவைப்படும். இதன் முடிவுக்கு 2 முதல் 3 வாரம் வரை ஆகலாம்.

6. ஈரத்தாள் சோதனை: இதனை வீட்டிலேயே செய்யலாம். பூனையைச் சீவும்போது விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால், தெள்ளுப்பூச்சியின் கழிவு செம்பழுப்பு நிறமாகக் கசியும். அது செரித்த இரத்தம் ஆகும்.

சிகிச்சை

சிற்றுண்ணிகளுக்குச் செலாமெக்டின், மாக்சிடெக்டின் போன்ற மருந்துகள் பிடரித் தோலில் இடப்படுகின்றன. காதுச் சொட்டுமருந்து பயன்படுத்தினால், முட்டைகளிலிருந்து வெளிவருபவையும் அழியும்வரை குறித்த நாள் முழுவதும் தொடர வேண்டும். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை அளிக்காவிடில் நோய் திரும்பும்.

செவிப்பறை கிழியவில்லை என மருத்துவர் உறுதி செய்த பின்னரே காதைக் கழுவ வேண்டும். கழுவுநீரைக் காதினுள் விட்டு, அடிப்பகுதியை மெல்லப் பிசைந்து, பூனையைத் தலை உதறவிட்டு, வெளிவந்த அழுக்கைப் பஞ்சால் துடைக்கலாம். குச்சியில் சுற்றிய பஞ்சை உள்ளே செலுத்தக் கூடாது. அது அழுக்கை மேலும் உள்ளே தள்ளும்.

படர்தாமரைக்கு இட்ராகோனசோல் வாய்வழியாகவும், சுண்ணாம்பு கந்தகக் கரைசல் அல்லது பூஞ்சை எதிர்ப்புக் குளியல் மருந்து மேற்பூச்சாகவும் பயன்படுகின்றன. முடி மீண்டும் வளர்ந்துவிட்டது என்று சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பூஞ்சை இல்லை என வளர்ப்புச் சோதனை காட்ட வேண்டும். வித்துகள் வீட்டில் பல மாதங்கள் உயிர்த்திருக்கக்கூடும் என்பதால், உதிர்ந்த முடியை அகற்றுவதும் பூனையின் படுக்கைத் துணிகளைத் துவைப்பதும் சிகிச்சையின் பகுதியே.

தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையில் பூச்சியை ஒழிப்பதே அடிப்படை. உணவு ஒவ்வாமை எனக் கருதினால், மருத்துவர் வகுத்த தனி உணவு மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்கப்படுகிறது.

தவிர்க்க வேண்டியவை

நாய்களுக்கான பூச்சிமருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் உள்ளது. பூனையின் கல்லீரலால் இதனை எளிதில் சிதைக்க இயலாது. நாய்க்குரிய ஒரு குப்பி மருந்தைப் பூனையின் தோலில் இட்டால் நடுக்கமும் வலிப்பும் ஏற்பட்டு உயிர் போகக்கூடும். தவறுதலாக இட்டுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். பூனை நலமாக உள்ளபோதே வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவிவிடலாம். மருந்திட்ட நாயையும் சில நாள்கள் பூனையிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

பீனால் கலந்த கிருமிநாசினி, தேயிலை மர எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் தோலில் பூசக் கூடாது. பூனை அவற்றை நக்கி விழுங்கிவிடும். வலிக்கெனப் பாராசிட்டமால் கொடுப்பதும் ஆபத்து. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 4 கிலோ எடையுள்ள பூனையைக் கொல்லப் போதுமானது.

உடனடிக் கவனம் தேவைப்படும் அறிகுறிகள்

தலை ஒருபுறம் சாய்தல், தள்ளாடுதல், கண்கள் தாமாக அசைதல் ஆகியவை நோய் நடுச்செவிக்கோ உட்செவிக்கோ பரவியதைக் காட்டலாம். காதுமடல் தலையணைபோல் வீங்கினால், ஓயாமல் உதறியதால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். சீழ், துர்நாற்றம், உணவு மறுத்தல், ஆறாத புண் ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

மனிதருக்குப் பரவுதல்

படர்தாமரை மனிதருக்கும், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, எளிதில் தொற்றும். சொறிச் சிற்றுண்ணி மனிதத் தோலில் தற்காலிக அரிப்பை உண்டாக்கும். வீட்டில் ஒருவருக்குத் தோலில் வட்டத் தடிப்பு தோன்றினால் அவரும் மருத்துவரைக் காண வேண்டும். பூனையையும் சோதிக்க வேண்டும். நோய் தீரும்வரை பூனையைத் தனி அறையில் வைத்துப் பராமரித்து, தொட்டபின் கைகழுவுவது போதுமானது. பூனையைக் கைவிடத் தேவையில்லை. இந்நோய்கள் குணமாகக் கூடியவை.

தடுப்பு

வாரம் ஒருமுறை காதுகளைப் பார்த்து வருவது நல்லது. நலமான காது வெளிர் இளஞ்சிவப்பாக, நாற்றமின்றி, சிறிதளவு குறும்பியுடன் இருக்கும். அதனைக் கழுவ வேண்டியதில்லை. பூனைகளுக்கென உருவாக்கப்பட்ட பூச்சிமருந்தை எடைக்கேற்பத் தவறாமல் இடுவதும், புதிதாக வரும் பூனையைச் சோதித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்ப்பதும் பெரும்பாலான தொற்றுகளைத் தடுக்கும்.