கல்பாக்கம் நாற்பது கிலோமீட்டர்: நம் கடைச் சரக்கு என்னாகும்?

2011 மார்ச் மாதம் சீனாவில் நடந்த ஒரு சங்கதியை மளிகைக் கடைக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. மார்ச் 11-ம் தேதி ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா அணுமின் நிலையம் பழுதாயிற்று. அடுத்த வாரமே கடலுக்கு இந்தப் பக்கம் சீனத்து நகரங்களில் உப்புக்கு வரிசை நின்றது. அயோடின் கலந்த உப்பு கதிர்வீச்சைத் தடுக்கும் என்று ஒரு வதந்தி. இனிமேல் வரும் கடல் உப்பெல்லாம் கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொரு வதந்தி. ஒருவரே மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள், விலை பல மடங்கு ஏறியது. உப்பு தாராளமாக இருக்கிறது என்று அரசு அறிவித்தபிறகு சில நாட்களில் எல்லாம் அடங்கியது. வாங்கிய உப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டு.

சீனாவில்தானே என்று நினைக்க வேண்டாம். 2016 நவம்பரில் உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் எந்தக் காரணமும் இல்லாமலே உப்புத் தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பி, கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றதை நாம் அறிவோம்.

இதை இங்கே சொல்லக் காரணம், தாம்பரத்திலிருந்து கல்பாக்கம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். கூடுவாஞ்சேரிக்கு இன்னும் கிட்டம். கேளம்பாக்கத்துக்கு 25, திருப்போரூருக்கு 20 கிலோமீட்டருக்குள். அங்கே ஏதாவது நடந்தால் கதிரியக்கம் நம் வாசலுக்கு வருமோ வராதோ, நம் கடை வாசலுக்கு மக்கள் வருவது நிச்சயம். அன்றைக்கு அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் இன்றைக்கே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே இருப்பது என்ன?

கல்பாக்கம் என்றால் மின் நிலையம் என்றே பலரும் நினைக்கிறோம். 1984-லும் 1986-லும் உற்பத்தி தொடங்கிய இரண்டு உலைகள் அங்கே உண்டு. 500 மெகாவாட் ஈனுலை ஒன்றுக்கு 2024 மார்ச்சில் எரிபொருள் நிரப்பும் வேலை தொடங்கப்பட்டது. இவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒன்றும் அதே வளாகத்தில் இருக்கிறது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுபதப்படுத்தும் ஆலை அது. 1990-களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. பிரித்தெடுத்தது போக மிஞ்சும் திரவம்தான் கடுமையான கழிவு. அதை எஃகுத் தொட்டிகளில் குளிர்வித்து வைத்திருந்து, பிறகு கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கிப் பாதுகாப்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடல்நீர் நிலையத்தின் பம்புக் கட்டடத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, கதிரியக்கம் வெளியே வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது வேறு விதம். 2003 ஜனவரி 21-ம் தேதி மறுபதப்படுத்தும் ஆலையில், ஒரு வால்வு பழுதால் கடுமையான கழிவு லேசான கழிவுக்கான தொட்டிக்குள் வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப்போன ஊழியர் உட்பட 6 பேர் வரம்புக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊருக்குள் எதுவும் பரவவில்லை. ஆனாலும் விஷயம் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவர அரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வதந்திக்கு இடம் கொடுப்பது இந்த மாதிரித் தாமதம்தான் என்பது என் கருத்து.

கழிவுத் தொட்டியால் ஊரே பாதிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று ரஷ்யாவின் யூரல் பகுதியில் உண்டு. 1957 செப்டம்பர் 29-ல் மயாக் என்ற ஆலையில் குளிர்விப்பு நின்றுபோன ஒரு கழிவுத் தொட்டி வெடித்தது. காற்று போன திசையில் 300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பட்டைபோல் கதிரியக்கத் தூசு படிந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். அரசு அதை ஒப்புக்கொண்டதோ 1989-ல்தான். அந்தத் தொட்டியின் அமைப்பு வேறு, காலமும் வேறு. அதையே இங்கே நடக்கும் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் தூசு வட்டமாகப் பரவாது, காற்றுப் போகிற வழியில் பட்டையாகப் போகும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கத்துக் காற்று எப்படி? பங்குனி, சித்திரை, வைகாசியில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். அதாவது கல்பாக்கத்திலிருந்து நம் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நம்மிடமிருந்து அந்தப் பக்கம் போகும். ஆகவே, எந்த மாதத்தில் நடந்தது என்பதைக் கேட்காமல் பயப்படுவதும் தவறு, பயப்படாமல் இருப்பதும் தவறு.

அரசின் திட்டத்தில் நாம் இருக்கிறோமா?

நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியையே அவசரகாலத் திட்டப் பகுதி என்று நெடுங்காலமாக வகுத்து வந்திருக்கிறார்கள். மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் அதற்குள் வரும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒத்திகையும் அந்தப் பகுதிக் கிராமங்களில்தான் நடக்கும். தாம்பரத்தைக் காலி செய்யச் சொல்லும் திட்டம் எதுவும் அதில் இல்லை. ஆனால் நம் கடைக்கு வரும் கீரை, காய், பால், மீன் எங்கிருந்து வருகிறது? செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் கிராமங்களிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. தூசு இங்கே வராவிட்டாலும் சரக்கு வரும்.

ஃபுகுஷிமாவில் இதுதான் நடந்தது. விபத்து நடந்த எட்டாம் நாளே, அந்த மாகாணத்துப் பாலிலும், பக்கத்து இபராக்கி மாகாணத்துக் கீரையிலும் அளவுக்கு மேல் கதிரியக்கம் இருப்பதாக அறிவித்தார்கள். ஜூலை மாதம் மாட்டிறைச்சியில் கண்டுபிடித்தார்கள். மாடு கொட்டகைக்குள்தான் இருந்தது, தின்ற வைக்கோல் வெட்டவெளியில் கிடந்தது! மாட்டுத் தீவனம் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கதிர் வேறு, தூசு வேறு

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நவி மும்பையில் வாஷி என்னும் இடத்தில் 2000-ம் ஆண்டு முதல் மசாலாப் பொருள்களுக்குக் கோபால்ட் கதிர் பாய்ச்சிப் பூச்சியும் பூஞ்சையும் வராமல் செய்கிறார்கள். அந்த மிளகாய்த்தூளை நாம் விற்கிறோம், சாப்பிடுகிறோம். கதிர் பட்டதால் அது கதிரியக்கப் பொருளாகிவிடவில்லை. வெயிலில் காய்ந்த வற்றல் வெயிலாகிவிடுமா? விபத்தில் ஆபத்து கதிரியக்கத் தூசால்தான். அது ஒட்டினால் கழுவவோ துடைக்கவோ வேண்டும். வயிற்றுக்குள் போனால்தான் பெருந்தொல்லை.

ஆகவே மூடிய டின் எண்ணெய், ஒட்டிய பாக்கெட், சீல் உடையாத பிஸ்கட் ஆகியவற்றின் உள்ளே இருப்பது கெடாது. மேலே ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே கட்டி வைத்தால் போதும். வாய் திறந்த அரிசி, பருப்பு மூட்டை, தட்டில் கொட்டி வைத்த வெல்லம், வாசலில் தொங்கும் வாழைத்தார், கீரைக்கட்டு, திறந்த பாத்திரத்துத் தயிர் ஆகியவைதான் கேள்விக்குரியவை.

அறிவிப்பு வந்தவுடன் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. ஷட்டரை இறக்கி, மின்விசிறியையும் காற்றுப்போக்கியையும் நிறுத்த வேண்டும். மூட்டைகளின் வாயைக் கட்டித் தார்ப்பாயால் மூட வேண்டும். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (நம்மில் பாதிப்பேர் மாடியில் மூடி உடைந்து வருஷம் இரண்டு ஆகியிருக்கும்). பிறகு துடைப்பத்தைத் தொடவே கூடாது. பெருக்கினால் தூசு கிளம்பும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வெளியே போய்வந்தவர்கள் மேல்சட்டையை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கைகால் முகம் கழுவ வேண்டும். வாசலில் இருந்த சரக்கை விற்கவும் கூடாது, தெருவில் கொட்டவும் கூடாது. தனியே மூடி வைத்து அதிகாரிகள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சி வழியாக மாவட்ட நிர்வாகம் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். செல்பேசியில் சுற்றுவதை யாருக்கும் அனுப்பக் கூடாது.

உப்புக் கணக்கு

அயோடின் மாத்திரைக்கு ஒரு வேலை உண்டு. உலை விபத்தில் வெளிவரும் கதிரியக்க அயோடின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேராமல், நல்ல அயோடினால் முன்கூட்டியே அதை நிரப்பி வைப்பது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு, அதில் அயோடின் 100 மில்லிகிராம். நாம் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பது சில்லறை விற்பனைக்கான விதி. அந்தக் கணக்கில் ஒரு மாத்திரைக்கு ஈடாக ஒருவர் ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். ஆள் கதிர்வீச்சுக்கு முன்னால் உப்பாலேயே போய்விடுவார். வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கைச் சொன்னாலே கூட்டம் பாதி கலையும்.

இன்னொன்று. அந்த மாத்திரையையும் அதிகாரிகள் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். கதிரியக்க அயோடின் 8 நாளைக்குப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பல மாதம், பல வருஷம் ஆறவைத்த எரிபொருளின் கழிவுத் தொட்டியில் அது இருக்காது. அங்கே கவலைக்குரியவை சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும். அவை பாதியாகவே 30 வருஷம் ஆகும். அவற்றுக்கு அயோடின் மாத்திரையால் பயனே இல்லை.

வியாபாரம் எதில் அடிபடும்?

1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்து நடந்தபின், அயர்லாந்திலிருந்து பம்பாய் வந்த 200 டன் வெண்ணெயில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்து, கேடில்லை என்று அறிந்தபிறகு 1988-ல் தீர்ப்புச் சொன்னது. வெண்ணெய் நல்லது என்று நிரூபிக்க அத்தனை காலம்.

ஃபுகுஷிமா அரிசி வியாபாரிகள் இன்னும் பாடுபட்டார்கள். 2012 அறுவடை முதல் அந்த மாகாணத்தில் விளைந்த அரிசியை மூட்டைக்கு மூட்டை சோதித்தார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை. கிலோவுக்கு 100 பெக்கரல் என்பது வரம்பு. சில வருஷங்களில் வரம்பு மீறிய மூட்டை ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது. அப்படியும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு ஒதுங்கியவர்கள் உண்டு. மூட்டையில் ஒட்டிய சோதனைச் சீட்டுத்தான் மெல்ல மெல்ல வியாபாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது.

இங்கே அப்படி ஒரு தடை வந்தால், அது 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரக்கூடும். குட்காவைத் தடை செய்ய ஆணையர் பயன்படுத்திய அதே 30-வது பிரிவு, எந்த உணவுப் பொருளையும் ஓராண்டு வரை நிறுத்தி வைக்க இடம் தருகிறது. அப்போது எந்தச் சரக்கு எந்த ஊரில், எந்தத் தேதியில் கொள்முதல் ஆனது என்று காட்ட முடிந்தவர் தப்புவார். விபத்துக்கு முன்பே வந்து கிடங்கில் மூடியிருந்த பருப்பும், மறுநாள் வந்த பருப்பும் ஒன்றல்ல. பில் இல்லாமல் வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

காப்பீடு கைகொடுக்கும் என்று இருந்துவிட வேண்டாம். நாம் எடுத்திருக்கும் தீ விபத்துப் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். அணு எரிபொருள், அணுக்கழிவு ஆகியவற்றின் கதிரியக்கத்தால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று விலக்குப் பகுதியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். நஷ்டஈடு கேட்க வேண்டிய இடம் அணு நிலையத்தை நடத்துபவர். அதற்கென்று 2010-ல் ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. எந்தச் சட்டமானாலும் இருப்புப் பேரேடும் கொள்முதல் பில்லும்தான் சாட்சி. அவற்றின் நகல் ஒன்றைக் கடைக்கு வெளியே, வீட்டிலோ ஆடிட்டரிடமோ வைத்திருப்பது நல்லது.

பழைய இரும்பு வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. இவர்களுக்கு ஆபத்து கல்பாக்கத்திலிருந்து வர வேண்டியதில்லை. 2010-ல் டெல்லி மாயாபுரி சந்தையில், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவியை உடைத்தபோது உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட கறுப்புச் சின்னமோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ கண்டால் உடைக்காமல், எடைபோடவும் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டு 112-க்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த ஒத்திகை நடக்கும்போது உணவுப் பொருள் வியாபாரிகளின் பிரதிநிதி ஒருவரையும் அழைக்குமாறு மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதலாம். தடை வந்தால் எந்த ஊர்ச் சரக்கு, எந்தத் தேதி முதல் என்பதை வணிகர்களுக்கு யார் தெரிவிப்பார்கள், சந்தேகச் சரக்கை எங்கே ஒப்படைப்பது, எங்கே சோதிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்து மூலம் பதில் கேட்கலாம். கல்பாக்கத்தில் 1974 முதல் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒன்று சுற்றுவட்டாரத்துப் பால், மீன், காய்கறி, தண்ணீரைச் சோதித்து வருகிறது. அதன் முடிவுகளை ஆண்டுக்கொரு முறை தமிழில் நம் இதழுக்குத் தருமாறும் அதே கடிதத்தில் கேட்கலாம்.