கூட்டம் செவ்வாயா, வெள்ளியா?

தோழர் ஒருவர் பேசுகிறார். கைப்பேசி படம் பிடிக்கிறது. போனஸ் கோரிக்கை, நிர்வாகத்தின் பதில், வாயிற்கூட்டத்தின் நாள், நேரம் அத்தனையையும் நான்கே நிமிடத்தில் கொட்டித் தீர்க்கிறார். இரவு ஷிப்ட் முடித்து, பஸ்ஸிலே தொங்கியபடி அதைக் கேட்ட தொழிலாளி பிறகு நம்மைக் கேட்டார்: "கூட்டம் செவ்வாயா, வெள்ளியாங்க?" அப்படிப் பேசிய தோழர் வேறு யாருமல்லர், நாமேதான்! கூட்டத்துக்கு வந்ததோ பாதிப் பேர்.

மேடையிலே இந்த வம்பு இருந்ததில்லை. தூரத்துக் கம்பத்திலே கட்டிய கூம்பு ஒலிபெருக்கி நம்மை ஓடவிடாது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 170 மீட்டருக்கு அப்பாலிருந்து நம் குரலே நம் காதுக்கு அரை விநாடி பிந்தி வரும். அது அடங்கும்வரை அடுத்த சொல் காத்திருக்கும். கைதட்டல் வேறு! கைப்பேசி கைதட்டுமா?

வேகத்தை அளப்பது எளிது. பேசியதை எழுதி, சொற்களை எண்ணி, நிமிடத்தால் வகுத்தால் தீர்ந்தது. ஆங்கில ஒலிநூல் படிப்போர் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழுக்கு மாட்டுகிறார்களே, இது என்ன நியாயம்? 'போகவேண்டியிருந்தது' நமக்கு ஒரே சொல், ஆங்கிலேயனுக்கு மூன்று. 150ஐ எட்டப் பார்த்தால் மூச்சுத்தான் முட்டும்! சொல்லை விட்டு எழுத்தை எண்ணுங்கள். கேட்டவர்க்குப் புரிந்த பழைய பதிவு ஒன்றை எடுத்து, அதையே அளவுகோலாக வையுங்கள்.

1933 மார்ச்சில் அமெரிக்க வங்கிகள் மூடிக்கிடந்தன. மக்கள் கலங்கி நின்றனர். 12ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியிலே பேசினார். அவருக்கு இல்லாத அவசரமா நமக்கு? திண்ணையிலே உட்கார்ந்து சொல்வதுபோல், வங்கி எப்படி நடக்கிறது என்பதை நிதானமாக விளக்கினார். மறுநாள் முதல் வங்கிகள் திறக்கத் திறக்க, எடுத்த பணத்தை மக்களே திரும்பக் கொண்டுவந்து போட்டனர். பேச்சு ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். புதுச் சட்டமும் பின்னால் நின்றது.

முழுப்பேச்சையும் தாலாட்டாக்கச் சொல்லவில்லை. ஆத்திரம் ஓடட்டும், தேதியும் தொகையும் இடமும் நடந்து வரட்டும். வேகம் வேண்டுவோர் ஒன்றரை மடங்காக ஓட்டிக் கேட்கட்டும். வாட்ஸ்அப் குரல்பதிவிலே அந்த வசதி 2021 முதல் இருக்கிறது.

அடுத்த பதிவு நான்கு நிமிடமல்ல, ஆறு நிமிடம் ஆயிற்று. நாளைச் சொல்லுமுன் நிறுத்தி, மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணினோம். சொன்னோம், மறுபடியும் சொன்னோம். அதே பஸ் தொழிலாளி இம்முறை கேட்டது வேறு: "தண்ணீர் கேன் யார் கொண்டாறதுங்க?"