விமானப் பிரயாணமும் கால்களின் க்ஷேமமும்

பிரயாணம் எங்கே ஆரம்பமாகிறது?

பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் கரிசல் சீமையில், தீப்பெட்டி ஆபீஸிலும் கடலைமிட்டாய்க் கடையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர், மகளின் பிரசவத்தை முன்னிட்டு அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக அமெரிக்கா புறப்படுவது இன்று கோவில்பட்டியில் அதிசயமன்று. விமானம் மேலெழும்பும்போதுதான் பிரயாணம் தொடங்குவதாக அவர்கள் எண்ணுகிறார்கள். தேகத்தின் கணக்கோ வேறு. சாத்தூர், விருதுநகர் வழியாக மதுரை வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் காரிலே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அங்கிருந்து சென்னைக்கு ஒரு விமானம், பிறகு துபாய்க்கோ தோஹாவுக்கோ நான்கு மணி நேரத்துக்கு மேல் இன்னொன்று, அதன்பின் நியூயார்க்குக்குப் பதினான்கு மணி நேரம் மூன்றாவது ஒன்று என்று, காத்திருக்கும் பொழுதையும் சேர்த்தால், ஒன்றரை நாள் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே கழிந்துவிடுகிறது.

கால்களில் நடப்பது என்ன?

இருதயம் ரத்தத்தைப் பாதம்வரை அனுப்பிவிடும். அதை மறுபடியும் மேலே ஏற்றுவதற்குக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து ஒத்தாசை செய்தாக வேண்டும். அவை நெடுநேரம் சும்மா இருந்தால், ஆழத்திலுள்ள ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி, உறைந்து கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்குமாயின் பிராணாபத்தே நேரலாம். விமானத்தைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. 1940-இல், குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் நகரத்துப் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியிலேயே இரவைக் கழித்தவர்களிடம் இவ்வித மரணங்களைக் கண்டு எழுதியவர் கீத் சிம்ப்ஸன் என்ற வைத்தியர். 1954-இல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர், விமானப் பிரயாணம் உட்பட எந்த நெடுநேர உட்காருதலுக்கும் இந்த அபாயம் உண்டென்று எடுத்துக்காட்டினார்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம் இந்த அபாயத்தைச் சுமார் இரு மடங்காக்குகிறது என்றும், ஆயினும் 6,000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. ரயிலும் பஸ்ஸும் இதற்கு விலக்கல்ல. இருந்தும் அபாயம் இவ்வளவு அரிதாகையால் பீதி அநாவசியம். ஆனால் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும், முன்பே ரத்தக்கட்டு வந்தவர்களும், கர்ப்பிணிகளும், மிகப் பருத்த தேகமுடையவர்களும் டிக்கெட் எடுக்குமுன் வைத்தியரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

சங்கோஜமே சத்துரு

நம் ஆச்சிமாருக்கு ஜன்னலோர ஆசனத்தைப் பிள்ளைகள் ஆசையோடு வாங்கிக் கொடுக்கிறார்கள். வந்தது வினை. பக்கத்து ஆசனத்துக்காரர் கம்பளியைப் போர்த்தி உறங்க ஆரம்பித்ததும், “பாவம், தூங்குற மனுசன எதுக்கு எழுப்பணும்?” என்று அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்தால்தானே எழுந்து போக வேண்டிவரும் என்று நாவை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்னாசனத்தின் அடியில் கால் நீட்டுவதற்கு இருக்கும் சாண் இடத்தையும் கருப்பட்டியும் சீவலும் வைத்த பை பிடித்துக்கொள்கிறது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே இருப்பதால், வானம் பார்த்த பூமியிலே பிறந்தவர்களுக்குக்கூட உதடு வெடித்துக் கண் காந்துகிறது.

நடைவழியோர ஆசனமே வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பையை மேலே ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கொரு தரமேனும் எழுந்து நடந்து, உட்கார்ந்திருக்கும்போது தையல் மிஷினை மிதிப்பதுபோலக் குதியையும் விரலையும் மாறி மாறி அழுத்துங்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் விசேஷ காலுறைகள் பயன் தரும். அளவு சரியாக இருக்க வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைச் சுயமாக விழுங்குவது மட்டும் கூடாது.

இடைவழி நிலையத்தில்

நன்றாக நடக்கக்கூடியவர்கள்கூட, பாஷை தெரியாத பயத்தால் சக்கர நாற்காலி கேட்டு அமர்ந்துவிடுகிறார்கள். வழி தவறாதிருக்க இது நல்ல உபாயந்தான். ஆயினும் கால்களுக்குக் கிடைக்கவிருந்த ஒரே நீண்ட நடையும் அதனால் பறிபோகிறது. விமானம் ஏறும் வாசலைச் சேர்ந்தபின் அரைமணி நேரமாவது உலாவுங்கள். இடையில் இறங்கும் துபாயும் தோஹாவும் வளைகுடாவில் இருப்பதால், கசகசாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். வளைகுடா நாடுகளில் அது சட்ட விரோதம். டிராமடால், கோடீன் கலந்த வலிமருந்துகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு

இன்சுலின் கைப்பையிலேயே இருக்கட்டும். சரக்கறையின் குளிரில் அது உறைந்து கெடக்கூடும். கோடைகாலத்தில் நியூயார்க் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி பின்தங்கியிருப்பதால், மேற்கே போகிறவருக்குப் பகல் நீண்டு மருந்து வேளை குழம்புகிறது. போகும்போது எந்த அளவு, திரும்பும்போது எந்த அளவு என்று வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேகக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகருமாதலால், முதல் வாரத்து நித்திரைக் குறைவுக்கு மாத்திரை தேட வேண்டியதில்லை.

இறங்கிய பிறகு

இரண்டு பாதமும் ஒருமிக்க வீங்கிச் செருப்பு நுழையாமற் போனால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, சூடேறி வலித்தாலும், மார்வலியோ மூச்சுத்திணறலோ கண்டாலும், அரைநாழிகைகூடத் தாமதிக்கலாகாது. ஊர் திரும்பிச் சுமார் நான்கு வாரம்வரை இந்த ரத்தக்கட்டு தலைகாட்டக்கூடும். அப்போது பார்க்கிற வைத்தியருக்கு நீங்கள் கடல் கடந்து வந்த சமாசாரம் தெரிய நியாயமில்லை. அவர் கேட்கட்டும் என்றிராமல் அதையே முதலில் சொல்லிவிடுங்கள்.